மீசைக்காரர் ஊதிய மூச்சு

ரொட்டிக்கூடத்தில் அவரை எல்லோரும் ரிவர்ஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதைத் தொட்டவர் யாரும் இல்லை.

பெயர் வந்தது இப்படி. ரொட்டிக்கூடம் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. இரண்டு பக்கமும் சுவர், ஒரு பக்கம் சுவரை ஒட்டித் திறந்த சாக்கடை. தட்டுகளை ஏற்றுகிற கதவுக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டுமென்றால் அறுபதடி தூரம் பின்னாலேயே எடுத்தாக வேண்டும். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம். மற்ற ஓட்டுநர்கள் முன்னும் பின்னும் மூன்று தடவை இழுத்து, வியர்த்து வழிந்து, சுவரையும் கொஞ்சம் சுரண்டிவிட்டு வந்து சேர்வார்கள். இவர் ஒரே வீச்சில் எடுப்பார். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை ஜன்னலில், வாய் பாட்டுக்கு ஏதாவது கதை பேசிக்கொண்டிருக்கும். வண்டி போய்க் கதவோடு ஒட்டி நிற்கும்.

"இந்த மனுசனுக்குப் பிடரியிலயும் ரெண்டு கண்ணு" என்பார் முதலாளியம்மா.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவரைக் கெடுத்தது. வேலை முடிந்ததும் கடைசிக் கடைக்கு எதிரே இருந்த பாரில் உட்காருவார். பிறகு தன்னுடைய பழைய காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். பதினோரு வருடம் இப்படியே போனது. ஒரு கீறல் விழவில்லை. "உள்ள போனாத்தான் எனக்குக் கை நடுங்காம நிக்கும்" என்று சொல்லிக்கொள்வார். சொல்லிச் சொல்லி அதை அவரே நம்பிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நண்பர் வீட்டு விருந்து முடிந்து மகளோடு திரும்பினார். மகள் பக்கத்து இருக்கையில் இருந்தாள். மனைவிக்கு அன்று மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை, அவள் வரவில்லை. நேரான சாலை, நல்ல வெயில், எதிரே ஒரு வண்டி இல்லை. நாலு விரல் இடத்தில் பின்னால் போகத் தெரிந்தவருக்கு முன்னால் நின்ற சுவர் தெரியவில்லை.

மகளுக்குக் கழுத்துக்குக் கீழே காறை எலும்பு முறிந்தது. அவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஸ்ட்ரெச்சரில் அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே ஓடியவர், அவள் காதருகே குனிந்து சொன்ன முதல் வார்த்தை "வலிக்குதாம்மா" என்பதல்ல. "போலீஸ் கேட்டா, நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லிடு."

அவளும் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் காதுக்குள் வழிய, "நாய் குறுக்க வந்துச்சு சார்" என்றாள். போலீஸ்காரர் தலையை ஆட்டிக்கொண்டே மூச்சுக் கருவியை எடுத்து அப்பாவின் வாயில் வைத்தார். அது காட்டிய எண்ணைப் பார்த்த பிறகு நாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கோர்ட்டில் தீர்ப்பு நீட்டி முழக்காமல் வந்தது. ஆறு மாதம் லைசென்ஸ் கிடையாது. அந்த ஆறு மாதமும் சனிக்கிழமை தவறாமல் மறுவாழ்வு மையத்துக்குப் போக வேண்டும். பிறகு ஆறு மாதம், மூச்சை ஊதிக் காட்டினால் மட்டும் கிளம்புகிற கருவி பொருத்திய வண்டியைத்தான் ஓட்டலாம். மையத்துக்கு மாதம் ஒரு முறை போய் வர வேண்டும். எல்லாம் ஒழுங்காக முடிந்தால் மையம் நிறைவுக் கடிதம் கொடுக்கும். அது கைக்கு வரும்வரை வீட்டு ஆட்கள் யாரையும் அவர் ஓட்டும் வண்டியில் ஏற்றக் கூடாது.

மையம் என்றால் ஏதோ பெரிய கட்டடம் என்று நினைத்துப் போனார். தையல் மிஷின் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஓர் அறை. ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடும் ஒரு கடிகாரம், பிளாஸ்கில் டீ. உள்ளே நுழைந்ததும் கையடக்கக் கருவியில் ஊத வேண்டும். பச்சை எரிந்தால்தான் டீ. மற்ற ஐந்து பேரில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் கிரேன் ஓட்டுகிறவர். எல்லோரும் ஒரே மாதத்தில் மாட்டியவர்கள்.

ஆலோசகர் நாற்பது வயதுப் பெண். குரலை உயர்த்த மாட்டார், ஆனால் காது ஊசிமுனை. முதல் நாள் ஒவ்வொருவரிடமும், பிடிபட்ட அன்று எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டார். 

"ரெண்டு" என்றார் பல் டாக்டர். 

"ரெண்டுதான் மேடம்" என்றார் கிரேன்காரர். 

நம்மவர் மட்டும் சும்மா இருப்பாரா? "ரெண்டே ரெண்டு."

ஆலோசகர் நோட்டை மூடிவைத்தார். "ஆறு வருசமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். இந்த ரூமுக்கு வர்ற அத்தனை பேரும் ரெண்டுதான். மூணாவது கிளாஸ் இந்த உலகத்துல எங்கதான் போகுதுன்னு எனக்கு இன்னும் தெரியல."

பல் டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மேடம், என் ரெண்டு கொஞ்சம் பெரிய ரெண்டு."

முதல் மாதம் முழுக்க ரிவர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் குடிகாரர்கள், தனக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை, அவ்வளவுதான் என்பது அவர் கணக்கு. இவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று வாய்விட்டே ஒருநாள் சொல்லிவிட்டார்.

"சரி, ஓட்டிக் காட்டுங்க" என்றார் ஆலோசகர்.

அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி வந்தது. நீச்சல்காரர்கள் போடுவதுபோல் பட்டை வைத்தது. அதைப் போட்டால், குடித்தவன் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். டீ வைக்கும் தள்ளுவண்டியைக் கையில் கொடுத்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பின்னோக்கி இழுத்துக்கொண்டு போகச் சொன்னார். நடுவே இரண்டடி இடைவெளி. நாலு விரல் இடத்தில் போகிறவருக்கு இது ஒரு பெரிய காரியமா? ஒரு கையாலேயே பிடித்தார், வழக்கம்போல.

மூன்றாவது எட்டில் நாற்காலி சரிந்த சத்தம் கேட்டது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். நாற்காலி ஒருபக்கம் கிடந்தது. அதன் மேல் ஆலோசகர் எப்போது வைத்தாரோ, அவருடைய தோள்பை தரையில் வாய் திறந்து கிடந்தது. சீப்பும் சாவிக்கொத்தும் சிதறியிருந்தன. யாரும் சிரிக்கவில்லை. கிரேன்காரர் மட்டும் குனிந்து பொறுக்கினார்.

"எனக்கு நேராத்தான் மேடம் தெரிஞ்சுது" என்றார் ரிவர்ஸ். 

"ஆமா. அன்னைக்கும் நேராத்தான் தெரிஞ்சிருக்கும்."

அவர் உட்கார்ந்தார். கட்டிய கை அன்றோடு அவிழ்ந்தது. அடுத்த வாரம், கேட்காமலேயே, அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு கிளாஸ் என்று சொன்னார். அதற்கடுத்த வாரம் நாயைப் பற்றிச் சொன்னார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

ஆலோசகர் கொடுத்த வீட்டுப்பாடங்களில் ஒன்று, தன் நாளைப் படமாக வரைவது. காலையில் கிளம்புவதிலிருந்து வீடு திரும்புவது வரை எந்தக் கடை, எந்தத் தெரு, எங்கே நாக்கு ஊறுகிறது என்று குறிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பென்சிலைத் தொடாத கை. மகளுடைய பழைய ஜியோமெட்ரி பெட்டியைக் கேட்டு வாங்கி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். மகள் எட்டிப் பார்த்தாள். அவரோடு அவள் அப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை.

"இந்த வரிசையிலயே ஏன்பா போற? கடைசிக் கடையை முதல்ல போட்டா, விடியக்காலையில அந்த பாரே திறந்திருக்காதே."

பதினோரு வருடம் அந்த வழியில் ஓட்டியவருக்கு இது தோன்றவில்லை. ஒரு பார்வையில் அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து ரொட்டி வண்டியின் வழி தலைகீழானது. லைசென்ஸ் இல்லாத அந்த மாதங்களில் வேறு ஓட்டுநர் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து தட்டு இறக்கினார். விடியலில் பாருக்கு எதிரே ரொட்டி இறக்கும்போது அதன் ஷட்டர் சாத்தியிருக்கும். வாசலில் ஒரு பூனை மட்டும் படுத்திருக்கும்.

மகள் பள்ளிக்கூடம் முடித்தாள். ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில் ஓர் ஊரில், கட்டடப் பொறியியலில் அவளுக்கு இடம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பட்டப்படிப்பின் படியைத் தொட்ட முதல் ஆள் அவள்தான். சேர்க்கைக் கடிதத்தை ரிவர்ஸ் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, ரொட்டி வாங்குகிற பதினேழு கடைக்காரர்களிடமும் காட்டினார். மடிப்பு கிழிந்ததும் மனைவி பிடுங்கிப் பீரோவில் பூட்டினாள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஆசை. சேரும் நாளில் மகளையும் அவள் பெட்டியையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கல்லூரி வாசலில் இறக்கிவிட வேண்டும். முதலாளியம்மாவிடம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ரொட்டி வண்டியைக் கேட்டார். 

"எடுத்துட்டுப் போ. ஆனா திரும்பி வர்றப்ப நல்லாப் பெருக்கிக் கொண்டுவா. ரொட்டியில தலைமுடி கிடந்தா உன்னைத்தான் கேப்பேன்." 

நாள்காட்டியும் ஒத்து வந்தது. மையத்தின் கடைசி அமர்வு, கல்லூரிக்கு இரண்டு வாரம் முன்னால். கடிதம் அன்றே கைக்கு வந்துவிடும்.

அதற்குள் அவர் ஐந்து மாதத்துக்கு மேல் கருவியோடு ஓட்டிவிட்டார். ரொட்டிக்கூடத்தில் அதற்கு ஊதுபெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். டெலிபோன் ரிசீவர் அளவு. சுருள் வயரில் தொங்கும். கண்ணாடிக்கு மேலே ஒரு சின்னக் கேமரா, ஊதும்போது படம் பிடிக்கும். ஐந்து எண்ணும்வரை ஊதினால் பச்சை, இன்ஜின் கிளம்பும். வழியில் திடீரென்று விசிலடிக்கும். ஓரம் கட்டி மறுபடி ஊத வேண்டும். பொருத்தியவர் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்: ஊதுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பிருந்து எதையும் சாப்பிடக் கூடாது, வாயைக் கொப்பளிக்க வேண்டும். இதையெல்லாம் அவர் மந்திரம்போல் கடைப்பிடித்தார். சூடாக ஒரு பன் தின்பது அவர் வழக்கம். அதைக்கூட வண்டி கிளம்பிய பிறகு, முதல் கடையில்தான்.

கடைசி அமர்வுக்கு ஐந்து நாள் இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர் புது வகை பன் ஒன்று போட்டிருந்தார். மாவை இரண்டு நாள் புளிக்க வைத்து, ஊறிய திராட்சை போட்டது. 

"அண்ணே, வாயைத் திறங்க. நல்லாயிருக்கான்னு சொல்லுங்க" என்று நடையிலேயே திணித்தார். ரிவர்ஸ் ஒன்று தின்றார். நன்றாக இருந்தது. இன்னொன்றும் தின்றார். மெல்லும் வாயோடு வண்டியில் ஏறி, யோசனையில்லாமல் ஊதினார்.

சிவப்பு.

ஐந்து மாதத்தில் முதல் சிவப்பு. பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஊதவும் என்று திரை சொன்னது. இறங்கி, வாயைக் கொப்பளித்து, பத்து நிமிடம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்ததும், பதினோரு வருடம் மனைவியிடமும் முதலாளியம்மாவிடமும் மறைத்துப் பழகிய மனிதன் ஒருவன் அவருக்குள் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். குடிக்காத அன்றும் அவனுக்கு மறைக்கத்தான் தெரிந்தது. பத்து நிமிடம் கழித்தும் சிவப்பு வந்தால்? கடிதம் போச்சு. பெட்டி போச்சு. கல்லூரி வாசல் போச்சு.

வண்டியில் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். மேலுதட்டில் ஓர் அணில் வால் படுத்திருப்பதுபோல் மீசை அவருக்கு. 

"மீசை, இங்க வா. பத்து நிமிசம் ஆனதும் இதுல ஒரு ஊது ஊது."

"நானா? எதுக்குண்ணே?" 

"ஊதுன்னா ஊதுய்யா. அஞ்சு எண்ணுற வரைக்கும்."

மீசைக்காரர் பலூன் ஊதுவதுபோல் கன்னம் உப்ப ஊதினார். பச்சை. இன்ஜின் கிளம்பியது. மூன்றாவது கடைக்குப் போகிற வழியில் விசில் அடித்தது. இந்தத் தடவை இவரே ஊதினார். பச்சை. பன்தான் காரணம் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கூடவே, அதைவிடப் பெரியதாக ஒன்றும் உறைத்தது. கண்ணாடிக்கு மேலே இருந்த கேமராவை அன்று முழுவதும் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டில் தட்டில் போட்டது தட்டிலேயே இருந்தது. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"குடிச்சீங்களா?" 

"இல்ல." பன் கதையைச் சொன்னார். மீசை கதையைச் சொல்லவில்லை. "சத்தியம் பண்ணினா நம்புவியா?"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "நம்பணும்னுதான் இருக்கு. ஆனா உங்க சத்தியத்தையெல்லாம் நான் ஏற்கெனவே நிறையப் பாத்துட்டேன். வேற ஏதாவது காட்டுங்க." எழுந்து போனவள் திரும்பி வந்தாள். "அந்தப் பன்னையே எடுத்துட்டுப் போய் அங்க ஊதிக் காட்டுங்களேன்."

சனிக்கிழமை ரிவர்ஸ் ஒரு பை நிறையப் பன்னோடு மாடி ஏறினார். 

ஆலோசகரின் மேசையில் ஐந்து மாதத்துப் பட்டியல் இருந்தது. வரிசையாகப் பச்சை, ஓரிடத்தில் மட்டும் சிவப்பு. அவர் பேனா மூடியால் அதைத் தட்டினார். "இது என்ன?" 

"பன்னு மேடம்."

கிரேன்காரருக்குப் புரையேறியது. "நான் அஞ்சு வருசமா பொண்டாட்டிகிட்ட எத்தனையோ காரணம் சொல்லியிருக்கேன். பன்னு எனக்குத் தோணவே இல்லையே!"

ரிவர்ஸ் பையை மேசைமேல் வைத்தார். முதலில் கருவியில் ஊதிக் காட்டினார். பச்சை. ஒரு பன்னைத் தின்றார். உடனே ஊதினார். சிவப்பு. அறையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தண்ணீரில் கொப்பளித்தார். பதினைந்து நிமிடம் காத்திருந்தார்கள். அந்தப் பதினைந்து நிமிடமும் எல்லார் கண்ணும் பின்தங்கிய கடிகாரத்தின் மேல். மறுபடி ஊதினார். பச்சை.

"புளிச்ச மாவு. வாயில ஒட்டிக்கிட்டிருக்கிறவரைக்கும் அது காட்டும். வயித்துக்குப் போனா ஒண்ணுமில்ல" என்று பல் டாக்டர் தீர்ப்புச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், மருத்துவ ஆர்வம் என்று சொல்லிக்கொண்டு தானும் ஒன்றைத் தின்று ஊதினார். அவருக்கும் சிவப்பு. "ஐயோ, இன்னைக்கு நான் காரை எடுத்துட்டுப் போகணுமே!" என்று தண்ணீர்க் குவளையைத் தேடி ஓடினார். ஆலோசகரே சிரித்துவிட்டார்.

"சரி. பன்னு குற்றவாளி, நீங்க இல்ல." அவர் பட்டியலில் சிவப்புக்கு எதிரே சிறிதாக ஒரு குறிப்பு எழுதினார். "பத்து நிமிசம் கழிச்சு ஊதினது பச்சைதான். நடுவுல ஒண்ணும் கோளாறில்ல." உறையிலிருந்து நிறைவுக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

வண்டிக் கேமரா பிடித்த படங்களை அவர் பார்க்கவில்லை. சந்தேகம் வந்தால்தான் பார்ப்பார்கள் என்பது ரிவர்ஸுக்குத் தெரியும். இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. கிரேன்காரர் கை தட்டிக்கொண்டிருந்தார். பேனா முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது. அது இறங்கினால் போதும்.

அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது மகளின் முகம் அல்ல, குரல். "நாய் குறுக்க வந்துச்சு சார்." எலும்பு முறிந்த வலியில்கூடத் தடுமாறாமல், சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிற பிள்ளைபோலச் சொன்ன குரல். அதே வேலையைத்தான் ஐந்து நாள் முன்பு மீசைக்காரருக்குக் கொடுத்திருந்தார்.

"மேடம்" என்றார். "ரெண்டாவது ஊதினது நான் இல்ல."

கை தட்டல் நின்றது.

"எங்க ரொட்டிக்கூடத்துல ஒருத்தர் ஊதினார். நான்தான் ஊதச் சொன்னேன். அவருக்கு எதுக்குன்னுகூடத் தெரியாது. போட்டோவைப் பாருங்க, பெரிய மீசை இருக்கும்."

ஆலோசகர் கணினியில் படத்தைத் திறந்தார். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, மீசை இரண்டு பக்கமும் விறைத்து நிற்க, ஒரு முகம் திரை முழுக்க வந்து நின்றது. பல் டாக்டர் பின்னால் நின்று பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"பன்னு தப்பிச்சிடுச்சு" என்றார் ஆலோசகர் மெதுவாக. "நீங்க மாட்டிக்கிட்டீங்க. வேற ஆளை ஊத வச்சா மூணு மாசம் கூடுதல். அது கோர்ட் விதி. நான் நினைச்சாலும் குறைக்க முடியாது." 

"தெரியும் மேடம்." 

"பொண்ணு காலேஜ் எப்ப?" 

"ரெண்டு வாரத்துல."

அவர் கடிதத்தை உறைக்குள் போட்டார். உறையைக் கிழிக்கவில்லை, இழுப்பறையில் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும். தேதி மட்டும்தான் மாறும்." பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆறு வருசத்துல, நான் பாக்காத போட்டோவை நீங்களே திறந்து பாருங்கன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

மாடிப்படி இறங்கும்போது கிரேன்காரர் தோளில் கை போட்டார். "ஏன்யா, ஒரு நிமிசம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே?" 

"மூடி மூடித்தானே இங்க வந்து சேந்தேன்" என்றார் இவர்.

முதலாளியம்மா காய்ச்சி எடுத்துவிட்டார். "உன் வாயால நீ கெட்டது போதாதுன்னு அவன் வாயையும் கெடுத்தியா?" பத்து நிமிடம் திட்டிவிட்டு, அடுப்புக்காரர் இனிமேல் வண்டிப் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு போட்டார். மீசைக்காரருக்கு வேறு கவலை. "அண்ணே, மீசையை வச்சா என்னைக் கண்டுபிடிச்சாங்க? அன்னைக்கு மழிச்சிருந்தா தப்பிச்சிருப்போமா?"

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மகள் பெட்டிக்குள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து, பன் முதல் உறை வரை ஒன்று விடாமல் சொன்னார். மனைவி கதவோரம் நின்று கேட்டாள். மீசை வந்த இடத்தில் அவள் முகம் சுருங்கியது. முடிந்ததும் போய் அவருக்குச் சாப்பாடு போட்டு எடுத்து வந்தாள்.

"நீ சொல்லலைன்னா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?" என்று கேட்டாள் மகள். 

"தெரிஞ்சிருக்காது." 

"அப்ப நீயே என்னைக் கொண்டுபோய் விட்டிருப்ப." 

"விட்டிருப்பேன்." 

"ஏன்பா சொன்ன?"

அவர் தட்டைப் பார்த்தார். "அஞ்சு மணி நேரம் உன் பக்கத்துல உக்காந்து ஓட்டணும்மா. கண்ணாடியைப் பாக்கிறப்பல்லாம் அந்த மீசைதானே தெரியும்? உன்னைச் சொல்ல வச்சேன். அவனை ஊத வச்சேன். இன்னும் எத்தனை பேரை?"

அவள் கடைசிப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். பிறகு அதைப் பெட்டிக்குள் வைத்து, "இந்த மூடி சரியா மூட மாட்டேங்குது. மேல உக்காரு" என்றாள். அவர் எழுந்து பெட்டிமேல் உட்கார்ந்தார். அவள் கொக்கியைப் போட்டாள்.

சேரும் நாளில் மூவரும் பஸ்ஸில் போனார்கள். பெட்டியை அவர் தோளில் தூக்கினார். நடத்துநர் மேலே போடச் சொன்னதற்கு ஒப்பாமல் காலடியிலேயே வைத்துக்கொண்டார். ஜன்னல் ஓரம் மகள். ஓர் ஊரைத் தாண்டும்போது பஸ் சடாரென்று நின்றது. எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். சாலை நடுவே, உலகத்தில் தனக்கு அவசரமே இல்லை என்பதுபோல், ஒரு பழுப்பு நாய் மெல்லக் கடந்து போனது.

வீட்டில் ஒரு வருடமாக யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ரிவர்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா" என்றாள் மகள், ஜன்னலைவிட்டுத் திரும்பாமல். "இப்பத்தான் வருது பாரு. ஒரு வருசம் லேட்டு."

முதலில் சிரித்தது மனைவிதான். முந்தானையை வாயில் வைத்தும் அடக்க முடியவில்லை. பிறகு மகள். கடைசியாக அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எதிர் இருக்கைக்காரர், ஒரு நாய்க்கு இவ்வளவு சிரிப்பா என்று திரும்பிப் பார்த்தார்.

விடுதி வாசலில் பெட்டியை இறக்கி வைத்ததும், அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவரிடம், "முதல் லீவு நாலு மாசத்துல. பஸ்ஸுல வர மாட்டேன். நீ வந்து கூட்டிட்டுப் போ" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. பெட்டியின் ஒரு காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கூடுதல் மூன்று மாதமும் பட்டியலில் சிவப்பு விழவில்லை. அவை முடிந்த சனிக்கிழமையன்று இழுப்பறையிலிருந்து அதே உறை வெளியே வந்தது. தேதி மட்டும் மாறியிருந்தது. கடிதம் வந்த பிறகு ஊதுபெட்டியைக் கழற்றிவிடலாம் என்று பொருத்தியவர் சொன்னார். "கிடக்கட்டும், இன்னும் ஒரு மாசம்" என்றார் ரிவர்ஸ்.

நாலாவது மாதம், விடுதி வாசலில் ரொட்டி வண்டி போய் நின்றது. அங்கே இடம் நெருக்கடி. இரண்டு கார்களுக்கு நடுவே, ஒரே வீச்சில், பின்னாலேயே எடுத்து நிறுத்தியிருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. காவலாளி அசந்துபோய்ப் பார்த்தார்.

மகள் ஏறினாள். அவர் ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் அவள் உட்கார்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பெல்ட்டை இழுத்துப் போட்டாள். இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். காறை எலும்பு முறிந்த இடத்தில் கையை வைத்து, பிறகு எடுத்துவிட்டாள். அவர் எல்லாவற்றையும் பார்த்தார். ஊதுபெட்டியை எடுத்தார்.

"இரு" என்றாள் அவள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "கொப்பளி." 

"பன்னு எதுவும் சாப்பிடலம்மா." 

"கொப்பளிப்பா."

கொப்பளித்தார். ஊதினார். அவள் விரல் மடக்கி ஐந்து எண்ணினாள். பச்சை விளக்கு எரிந்தது. காவலாளி சாலையில் இறங்கி, வருகிற வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினார்.

"போலாம்பா" என்றாள் மகள்.